ரெஃபரன்ஸ் 7: இந்தத் தவறு யார் கணக்கில் போய்ச் சேருகிறது?

தொண்டி டாக்டர்

போன வருஷம் ஆடி மாதம், விடியற்காலை. கரைவலை இழுக்கப் போன ஒருவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். முழங்கால் தண்ணீரில் நடந்தபோது மணலுக்குள் கிடந்த திருக்கையை மிதித்துவிட்டார். கணுக்காலுக்குச் சற்று மேலே முள் ஏறியிருந்தது. நாற்பது வருஷமாகக் கடலில் இருப்பவர். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். வாளியில் வெந்நீர் கலந்து, முதலில் என் முழங்கையை விட்டுப் பார்த்து, 45 டிகிரியைத் தாண்டாமல் வைத்துக்கொண்டு காலை இறக்கினோம். திருக்கையின் விஷம் புரதம், சூடு பட்டால் குலைந்துவிடும். அரை மணி நேரத்தில் கம்பியிலிருந்து கையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் டீ கேட்டார். அப்புறம் புண்ணைத் திறந்து முள்ளின் உறைத் துணுக்கு ஒன்றை எடுத்தோம், டெட்டனஸ் ஊசி போட்டோம்.

இதைக் கேஸ் ரிப்போர்ட்டாக எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஆதாரமாகக் காட்டிய முந்தைய கட்டுரைகள், அதாவது ரெஃபரன்ஸ், மொத்தம் 23. திரும்பி வந்த மதிப்புரையில் ஒரு கேள்வி இருந்தது: ‘ரெஃபரன்ஸ் 7ஐ நீங்கள் திறந்து பார்த்தீர்களா?’

பார்க்கவில்லை. அதுதான் உண்மை.

ஏழாவது இடத்தில் நான் போட்டிருந்தது, கிளார்க் குழுவினர் திருக்கை முள் குத்துப் பட்ட 119 பேரைப் பற்றி ‘ஜர்னல் ஆஃப் எமர்ஜென்சி மெடிசின்’ இதழில் எழுதிய கட்டுரை. ‘119 பேரிடம் நடந்த சோதனையில் வலி ஊசியைவிட வெந்நீரே சிறந்தது என்று நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தேன். அன்று இரவே மூலத்தை எடுத்துப் படித்தேன். அது சோதனையே கிடையாது. ஒரு அவசரப் பிரிவின் பழைய நோயாளிக் குறிப்புகளைப் புரட்டித் தொகுத்த கட்டுரை. ஒரு பாதிப் பேருக்கு ஊசி, மறு பாதிப் பேருக்கு வெந்நீர் என்று யாரையும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. வெந்நீர் பலருக்கும் உதவியது என்று அதில் இருப்பது நிஜம். ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற சொல் என்னுடையது. இல்லை, என்னுடையதும் இல்லை. ஒரு சீனியரின் தீசிஸிலிருந்து அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்திருந்தேன். வருஷமும் தப்பு: கட்டுரை வந்தது 2007, நான் போட்டது 2006. தீசிஸிலும் 2006தான்.

எனக்கு இரண்டு கேள்விகள். இது என்னோடு போகிற தவறா, இல்லை வேறு யாரையும் தொடுகிறதா? வருஷம் தப்பானால் இதழின் இம்பாக்ட் ஃபாக்டரே மாறும் என்று ஒருவர் சொன்னார், அது எப்படி?

தேவிபட்டினம் பிஜி

சார், நீங்கள் இதை ரொம்ப மனசில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. 2006, 2007 என்பதெல்லாம் எழுத்துப்பிழை. இணையத்தில் தலைப்பைத் தட்டினால் கட்டுரை வந்து நிற்கப் போகிறது. நோயாளிக்கு வெந்நீர் வைத்தீர்கள், வலி போனது. அவருக்கு இதில் என்ன நஷ்டம்? நாங்கள் டியூட்டி முடித்து இரவு பதினொரு மணிக்குத்தான் தீசிஸைத் திறக்கிறோம். நூற்றுச் சொச்சம் ரெஃபரன்ஸையும் முழுசாகப் படிப்பது யாராலும் ஆகிற காரியமா?

கீழக்கரை நூலகர்

தம்பி தேவிபட்டினம் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு வேறு தவறுகளை ஒன்றாகக் கட்டிப் பேசுகிறோம், அதை முதலில் பிரிக்க வேண்டும்.

ஒன்று விலாசத் தவறு: ஆசிரியர் பெயர், இதழின் பெயர், வருஷம், தொகுதி, பக்கம் என்று ஏதாவது ஒன்று பிசகுவது. இன்னொன்று சொல் தவறு: விலாசம் சரி, ஆனால் அந்த வீட்டுக்காரர் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது. டாக்டரின் ரெஃபரன்ஸ் 7இல் இரண்டும் இருக்கின்றன.

இது புதிய புகார் இல்லை. 1984 ஜனவரியில் வந்த ஆறு மருத்துவ இதழ்களை எடுத்து மேற்கோள்களைச் சரிபார்த்து, முடிவை 1985இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். 15 சதவீதத்தில் மூல ஆசிரியர் சொன்னது மாற்றிச் சொல்லப்பட்டிருந்தது, அதில் பெரும்பாலானவை வாசகரைத் தவறான பக்கம் கொண்டுபோகக் கூடியவை. விலாசத் தவறு 24 சதவீதத்தில். மூலத்தை உடனே கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் பெரிய விலாசத் தவறு 8 சதவீதம். பிறகு மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2008இல் இப்படிப்பட்ட 66 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. இடைநிலை அளவில் விலாசத் தவறு 38 சதவீதம், சொல் தவறு 20 சதவீதம். 2015இல் இன்னொரு தொகுப்பாய்வில் சொல் தவறு 25.4 சதவீதம், அதில் ஏறக்குறைய பாதி பெரிய தவறு. அதே குழு பிறகு இன்னும் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 17 சதவீதத்துக்கு இறங்கியது. இறங்கினாலும் ஆறில் ஒன்று தப்பு என்றுதான் அர்த்தம்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக மருத்துவ மாணவர்களுக்கு ரெஃபரன்ஸ் தேடிக் கொடுக்கிறேன். பட்டியலைக் கையில் வாங்கியதும் எங்கே பிசகும் என்று ஓரளவு தெரிந்துவிடும். டாக்டரின் 2006 எப்படி வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், பார்த்துச் சொல்கிறேன்.

பாம்பன் நர்சிங் மாணவி

நான் மூன்றாம் ஆண்டு. தெரியாமல் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இம்பாக்ட் ஃபாக்டர் என்றால் என்ன? வகுப்பில் ‘நல்ல இதழ்’ என்று சொல்லும்போதெல்லாம் இதைச் சொல்கிறார்கள், கணக்கு எப்படி என்று யாரும் சொன்னதில்லை.

கீழக்கரை நூலகர்

கேட்டதே நல்லது மகளே. ஓர் இதழின் கட்டுரை சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகிறது என்று சொல்லும் எண் அது. சுலபமான வகுத்தல் கணக்குதான்.

2025ஆம் வருஷத்துக்கான எண் வேண்டும் என்று வைத்துக்கொள். ஓர் இதழ் 2023, 2024 இரண்டு வருஷமும் சேர்த்து 100 ஆய்வுக் கட்டுரைகள் போட்டிருக்கிறது. அந்த இரண்டு வருஷத்து இதழ்களை 2025இல் மற்றவர்கள் 50 முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஐம்பதை நூறால் வகுத்தால் 0.5. அவ்வளவுதான்.

இதைக் கொண்டுவந்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்டு. மேற்கோள்களுக்கு ஓர் அட்டவணை போடலாம் என்று 1955இல் எழுதினார். 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. இதழ்வாரியான எண்கள் 1970களின் நடுவிலிருந்து அச்சில் வருகின்றன. எந்த இதழை வாங்கலாம், எதை அட்டவணையில் சேர்க்கலாம் என்று முடிவு செய்ய எங்களைப் போன்ற நூலகர்களுக்கு உதவத்தான் அது வந்தது. ஒரு டாக்டரின் பதவி உயர்வை அதை வைத்து எடை போடுவது பிற்பாடு ஒட்டிக்கொண்ட பழக்கம். இப்போது கிளாரிவேட் என்ற நிறுவனம் இதைக் கணக்கிடுகிறது.

சரி, தவறு எங்கே நுழைகிறது? கணக்கு எடுப்பது இயந்திரம். இதழின் மொத்தக் கணக்குக்கு அது முக்கியமாகப் பார்ப்பது இரண்டைத்தான்: இதழின் பெயர், வருஷம். பக்க எண் தப்பாக இருந்தாலும் பெயரும் வருஷமும் சரியாக இருந்தால் இதழுக்கு வரவு வந்துவிடும், கட்டுரையை எழுதினவர் கணக்கில்தான் விடுபடும். 2023 கட்டுரைக்கு 2022 என்று போட்டால் அது அந்த இரண்டு வருஷ ஜன்னலுக்கு வெளியே விழுந்துவிடும். 2022 கட்டுரைக்குத் தவறி 2023 என்று போட்டால், வராத வரவு உள்ளே வரும். இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி.

பெரிய இதழுக்கு இது கடலில் கரைத்த உப்பு. நான் சொன்ன 50 மேற்கோள் இதழை எடுத்துக்கொள். பத்து மேற்கோள் பெயர் பிசகி வேறு பக்கம் போனால் 0.5 என்பது 0.4 ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. நம் நாட்டு மருத்துவ இதழ்களில் பல இந்த அளவில்தான் இருக்கின்றன. 1913இல் தொடங்கிய இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச், அதன் பக்கத்திலேயே இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் சயின்சஸ். சுருக்கி எழுதும்போது கடைசிச் சொல்லில் மூன்றே எழுத்துதான் இரண்டையும் பிரிக்கிறது. மாணவர்கள் இரண்டையும் மாற்றி எழுதிக்கொண்டு வந்ததை என் கண்ணாலேயே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மண்டபம் மீனாய்வு

பாய் சொன்ன கடைசி விஷயம் எங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இந்தியக் கடல் உயிரியல் சங்கம் 1958இல் எங்கள் மண்டபம் கேம்பில்தான் தொடங்கியது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் அப்போது இங்கே இருந்தது. சங்கத்தின் இதழ் மறு வருஷத்திலிருந்து வருகிறது. இங்கிலாந்தில் பிளிமத் ஊரிலும் ஒரு கடல் உயிரியல் சங்கம் உண்டு, அதன் இதழ் 1887இலிருந்து வருகிறது. இரண்டு இதழின் பெயருக்கும் கடைசிச் சொல் மட்டும்தான் வித்தியாசம்: இந்தியா, யுனைடெட் கிங்டம். அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு எழுதினால் வாசகர் எங்கே போய்த் தேடுவார்? பழைய, பெயர் பெற்ற இதழைத்தான் தேடுவார். மன்னார் வளைகுடாவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சேகரித்த தரவுக்குப் பிளிமத் விலாசம். இப்படிக் கடைசிச் சொல் விடுபட்ட பட்டியல்களை நான் மதிப்புரைக்கு வாங்கிப் பலமுறை திருத்தி அனுப்பியிருக்கிறேன்.

நம் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் முறையில் குடும்பப் பெயர் கடைசியில் வரும். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இனிஷியல் அப்பா பெயர். ஒரு படிவத்தில் அப்பா பெயரைக் கடைசியில் போடச் சொல்கிறார்கள், இன்னொன்றில் ஊர் பெயரும் சேர்ந்துவிடுகிறது. என் கட்டுரைகள் மூன்று ‘ஆட்கள்’ பெயரில் கிடக்கின்றன. அதில் ஒரு ஆள் என் அப்பா. அவர் வலை பின்னுகிறவர், ஒரு கட்டுரையும் எழுதியதில்லை. கீழக்கரைப் பக்கம் முகம்மது என்ற பெயருக்கே ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் என்று பாய்க்குத் தெரியும். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனி அடையாளமாக 2012இல் ஆர்கிட் எண் வந்தது ஓரளவு உதவி. பழைய கட்டுரைகளை நாமே உட்கார்ந்து அதில் கட்டினால்தான் உண்டு.

தேவிபட்டினம் தம்பிக்கு ஒன்று. எழுத்துப்பிழை என்று விட முடியாததற்குக் காரணம், பிழை ஒரு கைரேகை. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரண்டு பேர் 2003இல் இதை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். பெயர் பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரைக்கு 4300 மேற்கோள். அதில் 196 இடத்தில் அச்சுப்பிழை. ஆனால் வெவ்வேறு விதமான பிழை 45தான். ஒரே தப்பான பக்க எண் 78 பட்டியல்களில் இருந்தது. எழுபத்தெட்டு பேரும் தனித்தனியாக அதே இடத்தில் அதே தப்பைச் செய்திருக்க முடியாது. ஒருவர் செய்தார், மற்றவர்கள் அவர் பட்டியலைப் பார்த்து எழுதினார்கள். இதிலிருந்து அவர்கள் வந்த முடிவு, மேற்கோள் காட்டுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்பது. டாக்டரின் 2006ம் அப்படி ஒரு கைரேகைதான்.

ராமநாதபுரம் மயக்கவியல்

எல்லோரும் விலாசத் தவறையே சுற்றி வருகிறீர்கள். எனக்குக் கவலை மற்றதுதான். மயக்க மருந்துத் துறையில் இருக்கிற எவரும் மறக்கக் கூடாத ஒரு கடிதம் இருக்கிறது.

1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழின் கடிதப் பக்கத்தில் போர்ட்டர், ஜிக் என்ற இருவர் ஒரே பத்தியில் ஒரு குறிப்பு எழுதினார்கள். ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் தங்கியிருந்த நோயாளிகளில் 11,882 பேருக்கு ஒருமுறையாவது போதை தரும் வலி மருந்து கொடுக்கப்பட்டது, முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் தெளிவாகப் பதிவான அடிமைத்தனம் நான்கு பேருக்குத்தான் என்றது குறிப்பு. வார்டில், நர்ஸ் கையால், சில நாள் மருந்து வாங்கினவர்கள் இவர்கள். வீட்டுக்கு மாத்திரையை எடுத்துப் போய் மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

2017இல் கனடா ஆய்வாளர்கள் அந்தக் கடிதத்தின் மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். 608 மேற்கோள். 439இல், அதாவது 72.2 சதவீதத்தில், அடிமைத்தனம் அரிது என்பதற்கு ஆதாரமாக அதைக் காட்டியிருந்தார்கள். 491இல் அவர்கள் மருத்துவமனை நோயாளிகள் என்பதையே சொல்லவில்லை. 1990களின் நடுவில் அதே வகை வலி மருந்தான ஆக்ஸிகான்டின் மாத்திரை விற்பனைக்கு வந்த பிறகுதான் மேற்கோள் எகிறியது. அமெரிக்காவில் அந்த மாத்திரைகளால் செத்தவர்களின் எண்ணிக்கையை நான் இங்கே எழுதப் போவதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இந்த 608இல் விலாசம் தப்பா? இல்லை. இதழ் சரி, வருஷம் சரி, பக்கம் சரி. கணக்கு எடுக்கும் இயந்திரத்துக்கு அத்தனையும் சுத்தமான மேற்கோள். பாய் சொன்ன பத்து மேற்கோள், ஆளுக்கு எந்தக் கெடுதலும் செய்யாத பெயர்ப்பிழை, எண்ணிக்கையிலிருந்து உதிர்ந்துவிடும். ஆளைக் கொல்லக் கூடிய சொல் தவறு முழு வரவாக ஏறும். எண் தண்டிப்பது யாரை, பரிசு கொடுப்பது யாருக்கு என்று பாருங்கள். என் மனசை அரிப்பது இதுதான்.

தேவிபட்டினம் பிஜி

சார், ஒரு திருத்தம். 1980 கடிதத்துக்கு 1990களில் வந்த மேற்கோள் அந்த இரண்டு வருஷ ஜன்னலுக்குள் வராதே? இம்பாக்ட் ஃபாக்டரில் அது ஏறியிருக்காது.

ராமநாதபுரம் மயக்கவியல்

சரிதான் தம்பி. நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். இதழின் அந்த வருஷ எண்ணில் ஏறியிருக்காது. மொத்த மேற்கோள் எண்ணிக்கையில் ஏறும், எழுதினவரின் மேற்கோள் கணக்கில் ஏறும். ‘அறுநூறு பேர் மேற்கோள் காட்டிய ஆதாரம்’ என்ற மதிப்பு அதற்கு வந்ததும் அந்த எண்ணிக்கையால்தான்.

ஜன்னலுக்குள் வந்த உதாரணம் வேண்டுமென்றால் கொரோனா காலத்தைப் பார். சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்தின் தரவை வைத்து 2020 மே மாதம் லான்செட்டிலும் நியூ இங்கிலாந்து ஜர்னலிலும் வந்த கட்டுரைகளை ஜூன் முதல் வாரமே திரும்பப் பெற்றார்கள். அடுத்த வருஷமும் அவற்றை நல்ல ஆதாரம் போல மேற்கோள் காட்டினவர்கள் இருந்தார்கள். 2020 கட்டுரைக்கு 2021இல் வந்த மேற்கோள் ஜன்னலுக்குள்தான்.

கீழக்கரை நூலகர்

இதற்கு ஒரு மருந்து கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது. 2025இல் வெளியான பட்டியலிலிருந்து, திரும்பப் பெற்ற கட்டுரைக்குப் போகிற மேற்கோளையும் அதிலிருந்து வருகிற மேற்கோளையும் கிளாரிவேட் அந்த வகுத்தலின் மேல் எண்ணில் சேர்ப்பதில்லை. நல்ல காரியம். ஆனால் திரும்பப் பெறாத நல்ல கட்டுரையை ஒருவர் திரித்துச் சொன்னால் அதைப் பிடிக்க எந்த எண்ணும் இல்லை. யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் தெரியும்.

பாம்பன் நர்சிங் மாணவி

படிக்கப் படிக்க எனக்கு எங்கள் ஏலக்கூடம்தான் ஞாபகம் வருகிறது. விசைப்படகு கரைக்கு வந்ததும் ஏலக்காரர் கூடையை எண்ணிவிட்டுப் போவதில்லை. தரையில் கொட்டச் சொல்வார். மேலே நல்ல மீனாகவும் அடியில் நேற்றைய மீனாகவும் இருந்தால் கொட்டினவுடன் தெரிந்துவிடும். செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். எங்கள் அம்மா கண்ணைப் பார்த்தே சொல்வாள், பனிக்கட்டியில் எத்தனை நாள் கிடந்தது என்று. நீங்கள் சொல்கிற கணக்கில் கூடையை யாரும் கொட்டிப் பார்ப்பதே இல்லையா?

மண்டபம் மீனாய்வு

இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இல்லை, கொட்டிப் பார்ப்பதில்லை.

தேவிபட்டினம் பிஜி

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் பக்கத்தையும் சொல்கிறேன். பிஜி முடிக்கத் தீசிஸ் வேண்டும், பிறகு பதவி உயர்வுக்குப் பேப்பர் வேண்டும் என்று விதி. வார்டில் நாற்பது நோயாளி. கைடு ‘ரெஃபரன்ஸ் இன்னும் சேர்’ என்பார். எத்தனை என்பதுதான் பேச்சு, எதைப் படித்தாய் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. இப்போது சாட்பாட்டிடம் கேட்டால் அரை நிமிஷத்தில் முப்பது ரெஃபரன்ஸ் கொடுக்கிறது. போன வாரம் கொடுத்ததில் ஒன்றைத் தேடினேன். இதழ் உண்டு, தொகுதி உண்டு, அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை. எழுதினதாகச் சொன்ன ஆசிரியர்கள் நிஜமானவர்கள், அந்தத் தலைப்பில் எழுதியதில்லை. அதைப் பார்த்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

கீழக்கரை நூலகர்

இல்லாத ஆளை மேற்கோள் காட்டுவது இயந்திரம் வருவதற்கு முன்பே இருந்தது தம்பி. 1887இல் பிராக் நகரில் யாரோஸ்லாவ் ஹ்லாவா என்ற மருத்துவர் செக் மொழியில் சீதபேதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு ‘ஓ ஊப்லவிட்சி’, அதாவது ‘சீதபேதி குறித்து’. ஜெர்மன் இதழில் அதன் சுருக்கம் வந்தபோது தலைப்பை ஆசிரியர் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ‘ஓ. உப்லவிசி’ என்ற மருத்துவர் நூல்களில் மேற்கோளாக வாழ்ந்தார். 1938இல் கிளிஃபோர்டு டோபெல் என்ற ஒட்டுண்ணி ஆய்வாளர்தான் அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்று ஆதாரத்தோடு எழுதினார். ஐம்பத்தொரு வருஷம். ஹ்லாவாவுக்கு வர வேண்டிய பெயர் அத்தனை காலம் ஒரு நோயின் பெயருக்குப் போய்க்கொண்டிருந்தது.

நேரத்தைப் பற்றிக் கேட்டாய். நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். நூற்றுச் சொச்சத்தையும் முழுசாகப் படி என்று சொல்லவில்லை. உன் வாக்கியம் எந்த வரியை நம்பி நிற்கிறதோ அந்த வரியைக் கண்ணால் பார். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் பெரும்பாலும் இலவசச் சுருக்கமாவது இருக்கும். கட்டுரைக்கென்றே உள்ள டிஓஐ எண்ணைத் தட்டினால் கட்டுரையின் பக்கத்துக்கே போகும். இதழின் பெயர், வருஷம், தொகுதி, பக்கம் நான்கையும் அங்கிருந்தே எடு, இன்னொருவர் பட்டியலிலிருந்து எடுக்காதே. மருத்துவ இதழ்களில் ரெஃபரன்ஸ் எழுதும் வான்கூவர் முறையை வகுத்த ஆசிரியர் குழுவே மூலத்தோடு ஒப்பிடச் சொல்கிறது. முழுக் கட்டுரை கிடைக்கவில்லை என்றால் எங்களிடம் கேள். மருத்துவக் கல்லூரி ராமநாதபுரத்துக்கு 2022இல் வந்துவிட்டது, மதுரைக்குப் பஸ் ஏறுகிற காலம் போய்விட்டது. பத்து ரெஃபரன்ஸை உண்மையாகப் பார்த்துப் போட்ட தீசிஸை நான் நூறு உள்ளதைவிட மேலாகத்தான் வைப்பேன்.

டாக்டருக்கு: உங்கள் 2006 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடல் உயிரினங்களின் விஷத்துக்கு வெந்நீர் உதவுமா என்று அட்கின்சன் குழுவினர் ஒரு தொகுப்புக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். வந்தது ‘எமர்ஜென்சி மெடிசின் ஜர்னல்’, 2006. உங்கள் கிளார்க் கட்டுரை வந்தது ‘ஜர்னல் ஆஃப் எமர்ஜென்சி மெடிசின்’, 2007. அது பிரிட்டிஷ் இதழ், இது அமெரிக்க இதழ். சொற்கள் அதேதான், வரிசை மட்டும் வேறு. யாரோ ஒருவர் இரண்டையும் அடுத்தடுத்து எழுதும்போது ஒன்றின் வருஷம் மற்றதன்மேல் ஏறிவிட்டிருக்கும்.

ராமநாதபுரம் மயக்கவியல்

பாய், நீங்கள் ஒரு டிடெக்டிவ்.

மண்டபம் மீனாய்வு

இம்பாக்ட் ஃபாக்டரை வைத்துத் தனி ஆளை எடை போடக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் பிரகடனமே செய்தார்கள். டோரா என்று சொல்வார்கள். அதில் கையெழுத்துப் போட்ட நிறுவனங்களிலேயே நேர்காணலில் ‘இதழின் எண் எத்தனை’ என்று கேட்கிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமை. 2009இல் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற இதழின் எண் 2.051இலிருந்து 49.926க்குப் பாய்ந்தது. ஷெல்எக்ஸ் என்ற கணினி நிரலைப் பற்றிய ஒரே கட்டுரை, நிரலைப் பயன்படுத்தினவர்கள் எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். அதே வருஷம் அந்த இதழில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு திடீரென்று இருபத்து நாலு மடங்கு சிறந்ததாகிவிடவில்லை. 2023 வெளியீட்டிலிருந்து எண்ணை ஒரே தசமத்தோடு நிறுத்துகிறார்கள். மூன்றாவது தசமத்துக்கு நடந்த சண்டை அதோடு ஓய்ந்தது, ஆனால் பாய் சொன்ன 0.5, 0.4 இதழுக்கு அது ஆறுதல் தராது.

தொண்டி டாக்டர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று இரவு உட்கார்ந்து 23ஐயும் திறந்தேன். ஐந்து தப்பு. இரண்டில் பக்க எண், ஒன்றில் ஆசிரியர் பெயர் தலைகீழ், ஒன்று ரெஃபரன்ஸ் 7. ஐந்தாவதைத்தான் சொல்ல வேண்டும். புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது பற்றி நான் எழுதிய வாக்கியத்துக்கும் அதற்குக் காட்டிய கட்டுரைக்கும் சம்பந்தமே இல்லை, எண் ஒன்று தள்ளிப் போயிருக்கிறது. நடுவில் ஒரு ரெஃபரன்ஸைச் சேர்த்தபோது இந்த ஒரு எண்ணை மட்டும் நான் மாற்றவில்லை. இது சீனியரிடமிருந்து வந்தது இல்லை, முழுக்க என் கை.

சீனியர் அண்ணனுக்கும் போன் செய்தேன். கோபப்படவில்லை. அவர் அந்த வரியை வேறொரு கட்டுரையிலிருந்து எடுத்தாராம். அது எது என்று ஞாபகமில்லை என்றார். தன் தீசிஸ் பிரதியில் பென்சிலால் திருத்திவிட்டு எனக்குப் படம் அனுப்பினார்.

ஏழாவது வரியை இப்படி மாற்றி அனுப்பியிருக்கிறேன்: ‘அவசரப் பிரிவு ஒன்றின் பழைய குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்ததில், 119 திருக்கை முள் குத்துகளில், வெந்நீரில் வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு வலி குறைந்தது, மற்ற சிகிச்சையோடு ஒப்பிட்ட சோதனை அல்ல.’ முன்பு எழுதியதைவிட நீளம், முன்பு எழுதியதைவிடச் சின்ன விஷயம்.

பாம்பன் நர்சிங் மாணவி

டாக்டர், ஒரே ஒரு சந்தேகம். காலை இறக்கும் முன்னால் முழங்கையை விட்டுப் பார்த்தேன், 45 டிகிரி என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். எங்களுக்கும் அதே எண்ணைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த 45க்கு மூலம் எது?

தொண்டி டாக்டர்

ரெஃபரன்ஸ் 11. அது பாய் சொன்ன 2006 தொகுப்புக் கட்டுரைதான். அதைத் திறந்தால் அது தனக்கு முந்தியவற்றைக் கை காட்டுகிறது. அவற்றை இன்னும் பார்க்கவில்லை. பாயிடம் பட்டியல் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை கீழக்கரைக்கு வருகிறேன். நீயும் வா.